லீக்ஸ் நட்டு பதினொரு வாரம், இன்னும் பென்சில் தடிப்பு: எங்கே பிழை?

தேயிலையடி:

வணக்கம். இடம் நுவரெலியா மாவட்டம், கந்தப்பளைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 4 அடிக்கு 10 அடியில் இரண்டு பாத்தியில் லீக்ஸ், வெங்காயக் குடும்பத்துத் தண்டு மரக்கறி. முன்பு தேயிலை நின்ற நிலம், செடி பிடுங்கி மூன்று வருடம். விதை கடையில் வாங்கிய 'லார்ஜ் லோங் சமர்' பக்கற். செப்டெம்பர் கடைசியில் நாற்றுமேடையில் தூவி, டிசம்பர் முதல் கிழமை பாத்திக்கு மாற்றினது. வரிக்கு வரி 6 அங்குலம், கன்றுக்குக் கன்று 4 அங்குலம். பாத்திக்கு 240 கன்று வரும். விரலால் குழி பறித்து 2 அங்குல ஆழம் வைத்து மண்ணை அமுக்கினது. அடிப்பசளை பாத்திக்கு ஒரு கூடை மாட்டெரு. ஜனவரி நடுவில் ஒரு பிடி யூரியா. வேறு ஒன்றும் இல்லை.

இன்று பெப்ரவரி மூன்றாம் கிழமை. தண்டு பென்சில் தடிப்பைத் தாண்டவில்லை. வெள்ளைப் பகுதி 2 அங்குலம்தான். இலை நுனி காய்கிறது, சில இலையில் வெள்ளி பூசினது போலக் கோடு. மூன்று நான்கு கன்று அடியில் அழுகி, பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. இரண்டு கன்றில் நடுவில் உருண்டையாகத் தண்டு கிளம்புகிறது. மண் அணைத்துப் பார்த்தேன், சமைக்க எடுத்தால் இலை மடிப்பெல்லாம் மண். பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஏதும் போடுவதா, இதைத் தேற்றலாமா?

மம்பட்டிக்காம்பு:

தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, பொதுவாகவே எழுதுகிறேன். பிடுங்கி எறியாதீர்கள். பிடுங்கிச் சமையுங்கள், பாதியை மட்டும்.

உங்கள் கணக்கிலேயே முதல் விடை இருக்கிறது: 240. நாற்பது சதுர அடி என்பது 3.7 சதுர மீற்றர். அதில் 240 என்றால் சதுர மீற்றருக்கு 65 கன்று. அது வெங்காயத்தாள் போடும் நெருக்கம். தண்டு பருக்க வேண்டுமானால் வரிக்கு வரி 12 அங்குலம், கன்றுக்குக் கன்று 6 அங்குலம். அதே பாத்தியில் 4 வரி, வரிக்கு 20, மொத்தம் 80 கன்று. லீக்ஸுக்கு வெங்காயம் போலக் கிழங்கு கிடையாது. நாம் தண்டு என்று சொல்வது இலையின் அடிப்பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி நிற்பது. ஒவ்வொரு புது இலையும் நடுவிலிருந்து வந்து வெளி இலைகளைத் தள்ளித் தள்ளித்தான் தண்டு பருக்கிறது. இலை எண்ணிக்கையும் இலையின் அகலமும் கூடினால் தடிப்பு கூடும், அவ்வளவுதான். நெருக்கி நட்டால் இலை ஒடுங்கும், தண்டும் ஒடுங்கும்.

ஆகவே இன்றைக்கே ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். மிஞ்சும் 120 கன்றுக்கு 8 அங்குல இடம் கிடைக்கும். எடுக்கும் கன்றை இளம் லீக்ஸாக முட்டையோடு வறுக்கலாம், உருளைக்கிழங்கோடு போடலாம். நம் அடுப்படியில் பச்சை இலையையும் சேர்த்துத்தானே சமைக்கிறோம், அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. இழுக்கும்போது பக்கத்துக் கன்றின் வேர் ஆடாமல், முதலில் பூவாளியால் நன்றாக நனைத்து ஒரு மணி நேரம் விட்டு, ஒரு கையால் பக்கத்துக் கன்றின் அடியை அமுக்கிக்கொண்டு மறு கையால் இழுங்கள்.

இரண்டாவது, நாற்று. பத்து வாரம் நாற்றுமேடையில் நின்றது சரியான காலம். ஆனால் "தூவி" என்கிறீர்கள். தூவினால் கன்று நூலாகத்தான் வரும். நடும் நாளில் கன்று பென்சில் தடிப்பில், 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உங்களுடையது இப்போதுதான் அந்த நிலைக்கு வந்திருக்கிறது. அதாவது, நாற்றுமேடையில் முடிந்திருக்க வேண்டிய வளர்ச்சி பாத்தியில் முடிந்திருக்கிறது. அறுவடையும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டரை, மூன்று மாதம்.

மூன்றாவது பசி. பாத்திக்கு ஒரு பிடி யூரியா ஒரே தடவை போதாது. ஒரு சதுர மீற்றருக்கு 10 கிராம், மூன்று கிழமைக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை. உங்கள் பாத்திக்கு ஒரு முறைக்கு 37 கிராம், தலை தட்டிய மூன்றரை மேசைக்கரண்டி. அதை 10 லீற்றர் பூவாளியில் கரைத்து வரிக்கு நடுவில் ஊற்றி, பின்னால் ஒரு பூவாளி வெறும் தண்ணீரால் இலையைக் கழுவுங்கள். கட்டியாகக் கன்றடியில் போட்டால் வேர் எரியும், நுனி காய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்: பெப்ரவரி வெயிலில் கிழமைக்கு சதுர மீற்றருக்கு 25 லீற்றர். பாத்திக்கு 9 பூவாளி. ஒன்றுவிட்ட நாள் மூன்று மூன்றாக ஊற்றினால் கணக்குச் சரி. லீக்ஸின் வேர் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணுக்குள்தான் ஓடும். மேல்மண் காய்ந்தால் கீழே ஈரம் இருந்தும் அதற்கு எட்டாது.

கடைசியாக, ஒரு கன்றை மண்ணோடு தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, நூடில்ஸ் போல நீண்டிருக்கும். பழுப்பாக, கட்டையாக, நுனி தடித்து நின்றால் மண் புளிப்பு. பழைய தேயிலை நிலம் என்றதும் எனக்கு அதுதான் சந்தேகம். தேயிலைக்கு பி.எச். (மண்ணின் புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.5 முதல் 5.5 வரை நல்ல மண். லீக்ஸுக்கு 6 முதல் 7 வேண்டும். பி.எச். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோத்தகிரிச் சரிவு:

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். இங்கே லீக்ஸ் 'இங்கிலீஷ் காய்கறி' வரிசையில் வரும். ஓட்டல்காரர்கள் வெள்ளைத் தண்டு நீளம் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதனால் வெள்ளைத் தண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை என்பது வெயில் படாத இலையடி, வேறொன்றும் இல்லை. நடும்போதே ஆழமாக இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மண்வெட்டிப் பிடி உடைந்தது ஒன்று இருந்தால் நுனியைச் சீவி, 15 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாத்தியை முந்தின நாள் நனைத்து, அந்தக் கோடு வரை குத்தி, லேசாகச் சுழற்றி எடுத்தால் 5 செ.மீ. அகலக் குழி சரியாமல் நிற்கும். கன்றை உள்ளே விடுங்கள். இலை நுனி மூன்று, நான்கு செ.மீ. வெளியே தெரிந்தால் போதும். இப்போது செய்யக் கூடாதது ஒன்று: மண்ணைத் தள்ளி மூடக் கூடாது. குழி நிறையத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரோடு வரும் சேறு வேரை மூடிக்கொள்ளும், மீதிக் குழி திறந்தே இருக்கும். தண்டு பருக்கப் பருக்க அதுவே குழியை நிரப்பிக்கொள்ளும், மழையும் களைக்கொத்தும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்த மாதிரி அமுக்கி நட்டால் தண்டைச் சுற்றி மண் இறுகிவிடும்.

வேர் நீளமாக இருந்தால் குழிக்குள் இறங்காமல் மேலே மடங்கி நிற்கும். அப்படி நிற்காமலிருக்க வேரை ஒரு அங்குலத்துக்கு வெட்டிவிடலாம். நடும்போது இலை நுனியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுவது இங்கே வழக்கம்.

இப்போது நிற்கும் பயிருக்கு ஆழம் கூட்ட முடியாது. தண்டு சுண்டுவிரலைத் தாண்டிப் பெருவிரல் தடிமன் வந்த பிறகு உறை போடுங்கள். வாழை மட்டையை 8 அங்குலத் துண்டாக வெட்டி, தண்டைச் சுற்றி வைத்து வாழை நாராலேயே தளர்வாகக் கட்டலாம். பருக்க இடம் விட வேண்டும். வாழை இல்லாத உயரத்தில் 2 அங்குல பி.வி.சி. குழாயை 8 அங்குலமாக அறுத்து மேலிருந்து மாட்டலாம், இலைகளைக் கையால் கூட்டிப் பிடித்தால் நுழைந்துவிடும். மூன்று வாரம் இருந்தால் உள்ளே வெளுத்திருக்கும். உறைக்கு வெளியே மண் அணைத்தால் மடிப்புக்குள் மண் போகாது.

உறை இல்லாமல் அணைப்பதென்றால், இலைகள் 'வி' மாதிரிப் பிரியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துங்கள். உங்களுக்கு மண் உள்ளே போனதற்குக் காரணம் அந்தக் கவட்டையைத் தாண்டி மண் ஏறியதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு அங்குலம். ஒரே நாளில் ஆறு அங்குலம் ஏற்றினால் தண்டு வேகும்.

மம்பட்டிக்காம்பு:

கோத்தகிரி ஐயா சொன்ன குழி முறை அருமை. இரண்டு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

இலை வெட்டுவது வேண்டாம். கன்றுக்கு இருப்பதே நான்கு இலை. அதில் மூன்றில் ஒன்றை வெட்டினால் வேர் பிடிக்கச் சாப்பாடு எங்கிருந்து வரும்? பிடுங்கின கன்று வெயிலில் வாடிப்போயிருந்தால் வெட்டலாம். பிடுங்கின அன்றே மாலையில் நட்டால் வெட்டத் தேவையே இல்லை.

குழி முறை தண்ணீர் வடியும் மண்ணுக்குத்தான். நுவரெலியாவில் ஜூன், ஜூலை மழையில் களிமண் பாத்தியில் 15 செ.மீ. குழி போட்டால் அது கிணறு. கன்று மூன்று நாள் தண்ணீரில் நின்று அடி கறுத்துவிடும். அந்தக் காலத்தில் பாத்தியை 20 செ.மீ. உயர்த்தி, 8 செ.மீ. ஆழத்தில் மட்டும் நட்டு, பின்னால் அணைப்பதே பாதுகாப்பு. சரிவில் பாத்தி என்றால் குறுக்கே போடுங்கள், இரண்டு பாத்திக்கு நடுவில் ஒரு வடிகான் இருக்கட்டும்.

பச்சைவண்டு:

இலையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே.

வெள்ளிக் கோடு என்றால் பெரும்பாலும் திரிப்ஸ். தமிழ்நாட்டில் இலைப்பேன் என்பார்கள். வெளி இலையைப் பார்த்துப் பயனில்லை, அது அங்கே இருக்காது. நடுக்குருத்து இரண்டு இலையை மெதுவாக விரித்து, கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். வெளிர் மஞ்சளாக, தாளில் போட்ட சிறு கோடு மாதிரி, ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஊர்வதுதான் அது. இலையின் மேல்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். வெறுமையான அந்தக் கலங்களுக்குள் காற்றுப் போவதால்தான் வெள்ளி நிறம். மழையில் அடிபட்டுக் குறையும், வெயில் தொடங்கினதும் பெருகும். அதுதான் டிசம்பரில் காணாதது பெப்ரவரியில் தெரிகிறது.

மருந்துக்கு ஓடுவதற்கு முன் பூவாளியைத் தலைக்கு மேல் பிடித்துக் குருத்துக்குள் தண்ணீர் அடிக்கும்படி மூன்று நாள் ஊற்றுங்கள். குறையாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லீ., அது கலக்கத் திரவச் சவர்க்காரம் 1 மி.லீ. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, குருத்துக்குள் வழியும்படி. ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால், இலைத் திசுவுக்குள் இருக்கும் முட்டையும் மண்ணில் கிடக்கும் கூட்டுப் பருவமும் தப்பி, பத்தே நாளில் பழைய கதைதான். லீக்ஸ் இலையில் மெழுகு படிந்திருப்பதால் சவர்க்காரம் இல்லாமல் எது அடித்தாலும் உருண்டு விழும். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீர்தான்.

நுனி காய்ந்ததை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாக் கன்றிலும் ஒரே அளவு, வெளுத்துக் கடதாசி மாதிரிக் காய்ந்திருந்தால், அதுவும் திறந்த வெளிப் பக்கத்தில் கூட என்றால், ஜனவரி, பெப்ரவரி விடிகாலை உறைபனியின் வேலை. கன்று சாகாது, புது இலை நன்றாக வரும், ஒன்றும் செய்ய வேண்டாம். பழைய இலையில் மட்டும், நுனியிலிருந்து மஞ்சளாகிக் கீழே இறங்கினால் தழைச்சத்துப் பசி அல்லது வேர்க் கோளாறு. இலை நடுவில் முதலில் சின்ன வெள்ளைப் புள்ளி, பிறகு அது நீள்வட்டமாகி நடு ஊதா நிறம், சுற்றி மஞ்சள் வளையம் வந்தால் ஊதாக் கருகல், பூஞ்சணம். இலையில் ஈரம் மணிக்கணக்காக நின்றால்தான் அது வரும். அந்த இலையை அடியோடு கிள்ளி எரியுங்கள், கூட்டெருக் குவியலில் போட வேண்டாம். பின்னேரம் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். திரிப்ஸ் கழுவுவதையும் காலையில் செய்யுங்கள், வெயிலுக்குள் இலை காய வேண்டும். திரிப்ஸ் சுரண்டின புண்தான் இந்தப் பூஞ்சணத்துக்கு வாசல், ஒன்றை அடக்கினால் மற்றதும் பாதி அடங்கும்.

கையோடு வரும் கன்றுகளுக்கு வருவோம். அடியில் வேர் முளைக்கும் தட்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். தட்டு பழுப்பாகி, இளஞ்சிவப்புச் சாயலில் பூஞ்சணம் இருந்தால் அடியழுகல். அந்தக் கன்றையும் சுற்றியுள்ள ஒரு பிடி மண்ணையும் அள்ளி அகற்றுங்கள், அந்தக் குழியில் திரும்ப நடாதீர்கள். தட்டு நன்றாக இருந்து, தண்டு மண்மட்டத்தில் பல்லால் கடித்தது மாதிரி அறுந்திருந்தால் வெட்டுப்புழு. இரவு டோர்ச் அடித்தால் தெரியும், பகலில் கன்றைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்குள் சுருண்டு கிடக்கும், விரலால் கிளறி எடுக்கலாம். அழுகல் நாற்றம், வழவழப்பு என்றால் தண்ணீர் தேங்கினது.

தேயிலையடி:

நன்றி அண்ணா, ஐயா, அக்கா எல்லோருக்கும். தங்கச்சிதான். பார்த்து வந்தது:

வேர் பழுப்பு, ஒரு அங்குலத்துக்கு மேல் இல்லை, நுனி தடிப்பாக இருக்கிறது. விவசாயப் போதனாசிரியர் கருவியால் பார்த்ததில் ஒரு பாத்தி 4.9, மற்றது 5.1. தாளில் தட்டினதில் கன்றுக்கு ஐந்தாறு பூச்சி. அழுகின கன்றில் தட்டு பழுப்பு, நாற்றம் இல்லை. ஊதாப் புள்ளி இல்லை. கன்றுகளை ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவிட்டேன். நிற்கும் பயிருக்கு இப்போது டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) போடலாமா? அந்த உருண்டைத் தண்டு என்ன?

மம்பட்டிக்காம்பு:

வேர் கட்டையானதற்குக் காரணம் தெரிந்துவிட்டது தங்கச்சி. 5க்குக் கீழே போனால் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். யூரியா எவ்வளவு போட்டாலும் உறிஞ்ச வேர் இல்லை.

நிற்கும் பயிருக்குப் போடலாம், அளவாக. சதுர மீற்றருக்கு 100 கிராம். பாத்திக்கு 370 கிராம். வரிக்கு நடுவில் தூவி, தோட்ட முள்ளுக்கரண்டியால் அரை அங்குலம் மட்டும் கிளறி, தண்ணீர் ஊற்றுங்கள். டொலமைட் மெதுவாகத்தான் கரையும், மேல் இரண்டங்குலம் திருந்தவே ஐந்தாறு கிழமை ஆகும். ஆனால் புது வேர் அந்த மேல்மண்ணில்தான் வரும், அதனால் பயன் உண்டு. டொலமைட் போட்ட கையோடு யூரியாவோ கோழி எருவோ போடாதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கைப் பிடிக்கும் மணமே அதற்குச் சாட்சி. இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள். அதுவரை நன்றாக மக்கின கூட்டெருவைக் கன்றுகளுக்கு இடையில் ஒரு அங்குலம் பரப்புங்கள். அது ஈரத்தையும் காக்கும், அலுமினியத்தையும் கொஞ்சம் கட்டிப்போடும்.

அடுத்த போகத்துக்குச் சதுர மீற்றருக்கு 400 கிராம் வேண்டும், பாத்திக்கு ஒன்றரைக் கிலோ. பாதியை நடுவதற்கு இரண்டு மாதம் முன்பும் மீதியை ஒரு மாதம் முன்பும் போட்டு, ஒவ்வொரு முறையும் மம்பட்டி ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். மேலே தூவிவிட்டால் மேலேயே நிற்கும். பிறகு திரும்ப பி.எச். பார்த்துவிட்டு மிச்சத்தைத் தீர்மானிக்கலாம். கூட்டெரு சதுர மீற்றருக்கு 4, 5 கிலோ, பாத்திக்கு ஒரு கூடை காணாது. இது புதிதாகத் திருப்பின தேயிலை நிலம் என்பதால் நடும் நாளில் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை சதுர மீற்றருக்கு 25 கிராம் அடியில் போடுங்கள். வருடக்கணக்காக மரக்கறி போட்ட நிலமாக இருந்தால் இதைச் சொல்லவே மாட்டேன், நம் பக்கத்து மரக்கறிப் பாத்திகளில் பொசுபரசு ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது.

உருண்டைத் தண்டு பூத்தண்டு. லீக்ஸ் இரண்டு வருடப் பயிர். ஓரளவு வளர்ந்த கன்றுக்குப் பல கிழமை குளிர் பட்டால் "ஒரு வருடம் முடிந்தது" என்று எண்ணிப் பூக்கத் தொடங்கும். 240இல் 2 என்றால் கவலையில்லை. ஒவ்வொரு விதைப் பக்கற்றிலும் நாலு அவசரக்காரர் இருப்பார்கள். அந்தத் தண்டு நடுவில் மரம் மாதிரி இறுகும் முன் கன்றை எடுத்துச் சமையுங்கள். இறுகியிருந்தால் நெடுக்காகப் பிளந்து நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டுச் சுற்று இலையை எடுங்கள். ஒரு கன்றை விட்டுப் பார்க்க ஆசையென்றால் பூ மொட்டைக் கிள்ளிவிடுங்கள், அடியில் பூண்டுப் பல் போலச் சிறு குமிழ்கள் வரும், அதையும் நடலாம்.

நாற்று மேடைக்கு: உங்களுக்குத் தேவை 160 கன்று. விதை ஒரு கிராம் போதும், அதில் 350 முதல் 400 விதை இருக்கும். 2 அடிக்கு 3 அடி மேடை, 10 செ.மீ. இடைவெளியில் 9 வரி, ஒரு செ.மீ. ஆழக் கீறல், ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூட இடம் விட்டு ஒரு விதை. மேலே தும்புத்தூளும் மண்ணும் கலந்து மூடி, மானாப்புல்லால் பரப்புங்கள். ஏழு முதல் பதினான்கு நாளில் முளை வரும். முளை நேராக வராது. கொண்டை ஊசி மாதிரி மடங்கி, வளைவு முதலில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் வளைவுகளைக் கண்ட அன்று பின்னேரமே புல்லை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் பிந்தினால் புல்லுக்குள்ளேயே வெளிறி நீண்டு, எடுத்ததும் சாய்ந்துவிடும். விதை பக்கற்றைத் திறந்தால் அந்த வருடமே முடியுங்கள். வெங்காயக் குடும்பத்து விதை இரண்டாம் வருடத்துக்கு மேல் நம்ப முடியாது.

இடம் மாற்றுவதையும் மறக்காதீர்கள். லீக்ஸ், வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே குடும்பம். அடியழுகல் கண்ட பாத்தியில் மூன்று போகத்துக்காவது கரட், போஞ்சி, கோவா என்று மாற்றுங்கள்.

செம்பாட்டு மண்:

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் வீட்டுத் தோட்டம். கார்த்திகை, மார்கழியில் போட்டால் லீக்ஸ் வருமோ? ஒரு கடையில் விதை இருக்கு.

மம்பட்டிக்காம்பு:

முளைக்கும், இலையும் வரும், தண்டு வராது. லீக்ஸுக்குப் பிடித்த வெப்பம் 13 முதல் 24 பாகை. உங்கள் மார்கழிப் பகலே அதைத் தாண்டும். ஐந்து மாதப் பயிர் என்பதால் மாசி, பங்குனி வெயிலுக்குள் மாட்டிக்கொள்ளும். புரட்டாதிக் கடைசியில் நிழலில் நாற்றுப் போட்டு, கார்த்திகையில் 4 அங்குல நெருக்கத்தில் நட்டு, தைக்குள் இலையாகவே வெட்டிச் சாப்பிடுவதென்றால் போடுங்கள். ஆனால் அதற்குச் சின்ன வெங்காயத்தின் தாளே போதும், அது உங்கள் மண்ணின் பயிர். பக்கத்து வெங்காயப் பாத்தியிலிருந்து திரிப்ஸ் வேறு இலவசமாக வரும்.

பச்சைவண்டு:

கடையில் வாங்கின லீக்ஸின் வேர்க்கட்டையை நட்டால் வருமா என்றும் அடுத்ததாகக் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேர்த்தட்டோடு 5 செ.மீ. விட்டு வெட்டி ஈர மண்ணில் வைத்தால் நடுவிலிருந்து பச்சை இலை வரும். ஓரிரு முறை கிள்ளலாம். தண்டு திரும்பப் பருக்காது. குளிர் பட்ட கட்டையென்றால் நேரே பூத்தண்டுதான்.

லண்டன் தோட்டத்துண்டு:

இங்கிலாந்தில் நகரசபை அலொட்மென்ட்டில் (வாடகைத் தோட்டத் துண்டில்) போடும் நம்மவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. காலம் முற்றிலும் வேறு: மார்ச், ஏப்ரலில் நாற்று, ஜூனில் நடவு, ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை வேண்டியபோது தோண்டுவது. 'மசல்பரோ' போன்ற குளிர் தாங்கும் இனம் பனியில் நிலத்திலேயே நிற்கும், ஃபிரிட்ஜே தேவையில்லை. மேலே சொன்ன திரிப்ஸை விட இங்கே பெரிய தலைவலி இலைதுளைக்கும் ஈயும் லீக் அந்துப்பூச்சியும். ஈ மார்ச், ஏப்ரலிலும் திரும்ப செப்டெம்பர் முதல் நவம்பர் வரையும் முட்டையிடும். நட்ட அன்றே நுண்வலையால் மூடி ஓரத்தை மண்ணில் புதைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இலையில் ஆரஞ்சு நிறத் தூள் வந்தால் துரு நோய், பார்க்கத்தான் பயங்கரம், தண்டு சமையலுக்கு ஆகும். வேரடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சணமும் கசகசா அளவு கறுப்பு மணிகளும் கண்டால் அது வெள்ளை அழுகல். அந்த மணிகள் மண்ணில் இருபது வருடம் வரை கிடக்கும், சப்பாத்தில் ஒட்டின மண்ணோடு அடுத்த துண்டுக்கும் போகும்.

தேயிலையடி:

டொலமைட் போட்டாயிற்று, யூரியா இரண்டு கிழமை கழித்து. கடைசியாக ஒன்று: எந்தத் தடிப்பில் எடுப்பது? எடுக்கும்போது பாதி கன்று மண்மட்டத்தில் முறிகிறது.

மம்பட்டிக்காம்பு:

வீட்டுக்கென்றால் பெருவிரல் தடிப்பிலிருந்து எடுக்கத் தொடங்கலாம். எல்லாம் ஒரே நாளில் எடுக்கத் தேவையில்லை. பெரிதை முதலில் எடுத்தால் பக்கத்தில் நிற்கும் சின்னது அந்த இடத்தைப் பிடித்துப் பருக்கும். 2.5 முதல் 4 செ.மீ. வந்தால் நல்ல லீக்ஸ்.

முறிவது இலையைப் பிடித்து இழுப்பதால். அலவாங்கைக் கன்றிலிருந்து நாலு விரல் தள்ளி, சாய்வாக ஓரடி இறக்கி, அடிப்பக்கமாக ஒருமுறை நெம்புங்கள். வேர் விடும் சத்தம் "கிர்ர்" என்று கேட்கும். பிறகு இலையை விட்டுத் தண்டின் வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்கினால் முழுசாக வரும். வேரை ஒரு அங்குலம் விட்டு வெட்டி, கழுவாமல் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் நாலைந்து நாள் வாடாது. கழுவி வைத்தால் மடிப்புக்குள் தண்ணீர் நின்று வழவழக்கும்.

மண் போகக் கழுவ: வேர்ப்பக்கம் இரண்டங்குலம் விட்டு, மேலே பச்சை வரை நெடுக்காகக் கீறுங்கள். இலைப்பக்கம் கீழே தொங்கும்படி குழாயடியில் பிடித்து, புத்தகம் புரட்டுவது போல இலைகளை விரித்துவிடுங்கள். வேர்ப்பக்கத்தைக் கீழே பிடித்தால் மண் இன்னும் உள்ளேதான் இறங்கும்.